கசகசா முதல் 4.13% வரை: வெளிநாடு கிளம்பும் முன் பெட்டியிலும் பர்ஸிலும் கவனிக்க வேண்டியது என்ன?

கோபர்கைரனேயில் எங்கள் வீட்டு ஹாலில் நான்கு நாட்களாக ஒரு பெட்டி திறந்தே கிடக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மாவுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். கீழே ரத்திவாலா கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 28 கிலோ. டிக்கெட்டில் அனுமதி 25 கிலோ.

எதை எடுக்கலாம் என்று ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மாதுங்கா மார்க்கெட்டில் வாங்கிய கால் கிலோ கசகசா.

"என்னட்டி முழிக்கே? குருமாவுக்குத்தான்" என்றார் அம்மா.

அந்தக் கால் கிலோவை விமான நிலையத்தில் யாராவது பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. கசகசா என்பது அபின் செடியின் விதை. அதில் மார்ஃபின் மிகச் சிறிய அளவில் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால் சிங்கப்பூரில் முன் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று சொல்லவே வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசாவுக்குத் தடை. நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் சாதுவாக இருக்கும் ஒரு பொருள், எல்லை தாண்டினால் வேறு பெயரில் பார்க்கப்படுகிறது.

நம்மில் பலர் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு மாதக்கணக்கில் திட்டம் போடுகிறோம். எங்கே போட்டோ எடுப்பது என்பது வரை தெரியும். ஆனால் பெட்டியில் என்ன இருக்கிறது, பணம் எந்த ஓட்டை வழியாகக் கசிகிறது என்ற இரண்டையும் கடைசி இரவில்தான் பார்க்கிறோம். அந்த இரண்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெட்டியில் எது ஆபத்து?

முதலில் சாப்பாட்டுச் சாமான்களை முடித்துவிடுவோம். கசகசா தவிர நம் வீடுகளில் அடிக்கடி மாட்டும் இன்னொன்று கொப்பரை. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருட்களின் பட்டியலில் சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள் அதை வைத்திருக்கின்றன. செக்-இன் பெட்டியில் போட்டால் ஸ்கேனரில் நிறுத்தி, உங்களைக் கூப்பிட்டு, எடுக்கச் சொல்வார்கள். தேங்காய்க்கும் சிக்கல் உண்டு. கேபினுக்குள் அனுமதி இல்லை. சபரிமலை பக்தர்கள் இருமுடியில் தேங்காயைக் கையோடு எடுத்துச் செல்ல, 2024 அக்டோபரில் விமானப் பாதுகாப்பு அமைப்பு தனியாக ஒரு விலக்கே தர வேண்டியிருந்தது. அதுவும் 2025 ஜனவரி 20 வரை மட்டும்.

ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் கைப்பையில் வேண்டாம். 100 மில்லி விதியில் ஊறுகாய் கூடத் திரவம் என்றே கணக்காகிவிடும். செக்-இன் பெட்டியில் வையுங்கள். மூடியைச் சுற்றி டேப், அதற்கு மேல் இரண்டு பிளாஸ்டிக் கவர். நெய் கசிந்த பட்டுப்புடவையை நான் பார்த்திருக்கிறேன், அது பற்றி வீட்டில் இன்றும் பேச்சு வருகிறது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்களுக்கு ஒரே ஒரு வரி: எந்த உணவுப் பொருள் என்றாலும் வருகைப் படிவத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் பறிமுதல். மறைத்தால், நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம், மறந்துபோன ஒரு ஆப்பிளுக்குக் கூட.

மருந்து விஷயத்தில்தான் நம் ஆட்கள் ரொம்ப அலட்சியம். ஸ்ட்ரிப்பைப் பிரித்து, வாரத்துக்கு ஏழு அறை கொண்ட டப்பாவில் மாத்திரைகளைப் போட்டு எடுத்துப் போவார்கள். அதிகாரிக்கு அது பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை, அவ்வளவுதான். மருந்து எப்போதும் அதன் ஸ்ட்ரிப்பிலேயே இருக்கட்டும். டாக்டர் சீட்டு, மருந்தின் மூலப்பொருள் பெயரோடு, கைப்பையில் இருக்கட்டும். சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுபோகலாம். ஆனால் கோடீன் கலந்த இருமல் மருந்து, டயஸீபாம் போன்ற தூக்க மாத்திரை என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அமீரகத்தில் டிராமடால், கோடீன் இரண்டும் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. இங்கே மெடிக்கல் ஸ்டோரில் முதுகுவலிக்கு வாங்கிய மாத்திரையில் எது இருக்கிறது என்று ஒருமுறை திருப்பிப் படியுங்கள்.

வேப் பழக்கம் இருக்கிறவர்கள் சிங்கப்பூருக்கோ தாய்லாந்துக்கோ அதை எடுத்துப் போகவே வேண்டாம். இரண்டு நாட்டிலும் தடை. சிங்கப்பூரில் 2025 செப்டம்பர் முதல் தண்டனை இன்னும் கடுமை. சிகரெட்டுக்கும் அங்கே வரிச்சலுகை கிடையாது, ஒரு பாக்கெட்டுக்குக் கூட.

"இதையும் கொஞ்சம் கொண்டு போயிடேன்"

ஒருவர் வெளிநாடு போகிறார் என்று தெரிந்தவுடன் சொசைட்டியில் பாதிப் பேர் பார்சலோடு வருவார்கள். "என் தம்பி ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவான், அரைக் கிலோதான்." மறுக்கச் சங்கடம். ஆனால் மறுத்துத்தான் ஆக வேண்டும்.

2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த ஒரு இளம் தம்பதி கத்தாருக்குப் போனார்கள். தேனிலவுப் பரிசு என்று அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் ஒரு நெருங்கிய உறவினர். அவரே ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்பினார். தோஹா விமான நிலையத்தில் அதைப் பிரித்தபோது உள்ளே நான்கு கிலோ அளவுக்கு ஹஷீஷ். இருவருக்கும் 10 ஆண்டு சிறை. அந்தப் பெண் அப்போது கர்ப்பமாக இருந்தார். குழந்தை சிறையில்தான் பிறந்தது. இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு விசாரித்து, இவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்று கண்டறிந்து, அரசு வழியாக அந்தத் தகவல் கத்தாருக்குப் போய், 2021 ஏப்ரலில்தான் அவர்கள் மும்பை திரும்பினார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம். இது யாரோ தெரியாதவர் தந்த பார்சல் இல்லை, சொந்தக்காரர் தந்தது.

ஆகவே அடுத்தவர் பொருளை எடுத்துப் போக வேண்டிய கட்டாயம் வந்தால், உங்கள் கண் முன்னால் பிரித்து, நீங்களே மறுபடி கட்டுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்கிறவரின் பார்சலை எடுத்துப் போகவே வேண்டாம்.

பணம் எங்கே கசிகிறது?

இப்போது என் சொந்தக் கணக்கு. இரண்டு வருடங்களுக்கு முன் நண்பர்களோடு பாங்காக் போனேன். ஒரே ஒரு கிரெடிட் கார்டை நம்பி, ஹோட்டல், ஷாப்பிங், சாப்பாடு எல்லாம் அதில். திரும்பி வந்து ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி, விடாது. செலவு 1,12,000 ரூபாய். அதற்கு மேல் 'மார்க்-அப்' என்று 3,920 ரூபாய். அந்த மார்க்-அப் மேல் 18% ஜிஎஸ்டி, 706 ரூபாய். மொத்தம் 4,626 ரூபாய். தாய்லாந்தில் யாருக்கும் போகாத, நான் எதையும் அனுபவிக்காத பணம்.

இது ஏமாற்று இல்லை. கார்டு வாங்கும்போது நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் எழுதியிருப்பதுதான். இந்திய கார்டுகள் பலவற்றில் அந்நியச் செலாவணி மார்க்-அப் 3.5%. ஜிஎஸ்டியோடு சேர்த்தால் 4.13%. ஒரு லட்சம் செலவுக்கு 4,130 ரூபாய். மார்க்-அப் 2% உள்ள கார்டுகளும் இருக்கின்றன, பூஜ்யம் என்று தருபவையும் இருக்கின்றன. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் கார்டின் கட்டணப் பட்டியலில் அந்த ஒரு எண்ணை மட்டும் தேடிப் பாருங்கள். லவுஞ்ச், ரிவார்டு பாயின்ட் எல்லாம் அப்புறம்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கடையில் கார்டைத் தேய்த்ததும், மெஷினோ கடைக்காரரோ கேட்பார்: ரூபாயில் கட்டுகிறீர்களா, பாட்டில் கட்டுகிறீர்களா? நமக்குப் பழகிய ரூபாய் என்று மனசு அந்தப் பக்கம் சாயும். அங்கேதான் விஷயம். ரூபாய் என்று சொன்னால், மாற்று விகிதத்தை உங்கள் வங்கி முடிவு செய்யாது, அந்தக் கடையின் பேமென்ட் நிறுவனம் முடிவு செய்யும். அது பெரும்பாலும் மோசமான விகிதம். அதற்குப் பிறகும், வெளிநாட்டில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனை என்று நம் வங்கிகள் சில தனியாக ஒரு கட்டணம் போடும். இரட்டை நஷ்டம். கடை, ஹோட்டல், ஏடிஎம், எங்கே கேட்டாலும் பதில் ஒன்றுதான்: அந்த ஊர்ப் பணம்.

ஏடிஎம் பற்றியும் ஒரு சின்னக் கணக்கு. தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு கார்டுக்கு ஒருமுறை எடுத்தால் 220 பாட் கட்டணம் வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. எடுக்கும் தொகை 2,000 பாட் என்றால் அது 11%. 20,000 பாட் என்றால் 1.1%. நான்கு நாளில் நான்கு முறை குட்டிக் குட்டியாக எடுத்த நண்பன், மசாஜ் செலவைவிட அதிகம் ஏடிஎம்முக்குக் கொடுத்தான். கிரெடிட் கார்டில் மட்டும் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கிளம்பும் முன் மறக்கக்கூடாத ஒன்று: 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும் நிலையில்தான் கைக்கு வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் போய் நீங்களே ஆன் செய்ய வேண்டும், வரம்பும் வைக்க வேண்டும். இதை சாங்கி விமான நிலையத்தில் நின்றுகொண்டு செய்யப் பார்த்தால் ஓடிபி வராது, ஏனென்றால் ரோமிங்கும் ஆன் ஆகியிருக்காது. இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளூர் சிம் போடுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். இந்திய எண்ணை எஸ்எம்எஸ் வாங்கும் அளவுக்காவது உயிரோடு வைத்திருங்கள். டேட்டாவுக்கு இ-சிம் போட்டுக்கொள்ளலாம்.

யுபிஐ எங்கும் வேலை செய்யும் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் அதிகம். பூட்டானில் 2021-லிருந்தும், இலங்கை, மொரீஷியஸில் 2024 பிப்ரவரியிலிருந்தும் கடைகளில் கட்டலாம். பாரிஸில் ஈஃபிள் கோபுர டிக்கெட்டுக்கும் வசதி வந்தது. ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை. ஆப்பில் சர்வதேச வசதியைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். கொழும்பில் தேநீருக்குப் பயன்படலாம். அதை நம்பி மட்டும் விமானம் ஏற முடியாது.

ரொக்கம்: எவ்வளவு, எங்கே?

ஒரு பயணத்துக்கு, ஒருவர், 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அந்நிய நாணயத்தை நோட்டாக எடுத்துப் போகலாம். அதற்கு மேல் தேவை என்றால் கார்டில்தான். இராக், லிபியா, ரஷ்யா போன்ற சில நாடுகளுக்கு வேறு வரம்பு. இந்திய ரூபாய் நோட்டு என்றால் 25,000 ரூபாய் வரை கையில் இருக்கலாம். திரும்பி வந்ததும் டாக்ஸிக்கு அது தேவைப்படும், ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள்.

நோட்டு வாங்கும்போது இரண்டு கட்டணம். ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஜிஎஸ்டி: ஒரு லட்சம் ரூபாய்க்கு மாற்றினால் வெறும் 180 ரூபாய். 25,000 ரூபாய் வரை என்றால் 45 ரூபாய். இதைப் பார்த்துக் கவலைப்படவே தேவையில்லை. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: விற்கும் விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி. 'கமிஷன் இல்லை' என்று போர்டு வைத்திருக்கும் கடையில் லாபம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. கணக்கு சுலபம். கூகுளில் சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று காட்டும் நாளில் கவுன்ட்டரில் 73.50 சொன்னால், இடைவெளி 5%. அதே நாளில் வாஷியிலோ செம்பூரிலோ ஒரு அங்கீகாரம் பெற்ற கடையில் 71 என்றால் 1.4%. விமான நிலையத்தில் செக்யூரிட்டி தாண்டிய பிறகு இருக்கும் கவுன்ட்டருக்குப் போட்டி கிடையாது. அதன் விலையும் அப்படித்தான் இருக்கும். அங்கே ஒருமுறை 10,000 ரூபாய் மாற்றிவிட்டு விமானத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

டாலர் எடுத்துப் போய் அங்கே மாற்றுகிறவர்கள் புதிய, மடிப்பில்லாத 100 டாலர் நோட்டாகக் கேளுங்கள். பாங்காக்கின் பல கடைகளில் 100 டாலர் நோட்டுக்கு ஒரு விலை, 20 டாலர், 10 டாலர் நோட்டுகளுக்குக் குறைந்த விலை. கிழிந்தது, பேனா கிறுக்கல் உள்ளது என்றால் வாங்கவே மாட்டார்கள். பாஸ்போர்ட்டும் கேட்பார்கள்.

தாராவியிலும் சரி, நவி மும்பையிலும் சரி, "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், நல்ல ரேட் தருவார், பில் மட்டும் தரமாட்டார்" என்று யாராவது ஒரு வாட்ஸ்அப் எண்ணை அனுப்புவார்கள். 50 பைசா, ஒரு ரூபாய் லாபத்துக்காக அங்கே போகாதீர்கள். அங்கீகாரம் இல்லாதவரிடம் அந்நியச் செலாவணி வாங்குவது ஃபெமா சட்ட மீறல். அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். கள்ளநோட்டு வந்தால் யாரிடமும் முறையிடவும் முடியாது. 50,000 ரூபாய்க்கு மேல் அந்நிய நாணயம் வாங்கினால் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கட்டுங்கள், ரசீதைக் கைப்பையில் வையுங்கள்.

திரும்பி வரும்போது மீந்த நோட்டு 2,000 டாலர் வரை உங்களிடமே இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் 180 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

20% வரி பிடிப்பார்களா?

என் வயதுக்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. 2023-ல் நடந்த குழப்பம் இன்னும் பலர் மனதில் இருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம், வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செய்யும் செலவையும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்துக்குள் கொண்டுவந்து அரசு அறிவித்தது. எல்ஆர்எஸ் என்பது இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பவோ செலவு செய்யவோ அனுமதிக்கும் திட்டம். அதற்குள் வந்தால் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தமும் வரும், அதுவும் 20%. சமூக வலைதளத்தில் கொந்தளிப்பு. ஜூன் 28 அன்று அரசு அதைத் தள்ளிவைத்தது. எனவே வெளிநாட்டில் இருந்தபடி கிரெடிட் கார்டில் செய்யும் செலவுக்கு டிசிஎஸ் இல்லை.

ஃபாரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டு, ரொக்கம் மூன்றும் எல்ஆர்எஸ் கணக்கில் வரும். ஆனால் ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் டிசிஎஸ். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. ஐந்து நாள் பாலிக்கு ஃபாரெக்ஸ் கார்டில் ஒரு லட்சம் ஏற்றுகிறவருக்கு இந்த 20% பற்றிய பயமே தேவையில்லை.

மாட்டுவது வேறு இடத்தில்: டூர் பேக்கேஜ். அங்கே வரம்பு கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம். 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20%. 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் இதை, தொகை எவ்வளவு என்றாலும், 2% என்று குறைத்தார்கள். 2026 ஏப்ரல் முதல் அமல். 3 லட்சம் ரூபாய் பேக்கேஜுக்கு 15,000 ரூபாய் பிடித்த இடத்தில் 6,000 ரூபாய். டிக்கெட்டை மட்டும் தனியாகவோ, ஹோட்டலை மட்டும் தனியாகவோ வாங்கினால் அது பேக்கேஜ் கிடையாது என்று வருமான வரித் துறை 2023-லேயே விளக்கிவிட்டது. இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் சேர்த்து வாங்கும்போதுதான் சிக்கல்.

இன்னொன்று, டிசிஎஸ் என்பது போய்விட்ட பணம் இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாக நிற்கும், வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். 2024 அக்டோபர் முதல், சம்பளம் வாங்குகிறவர்கள் இதை அலுவலகத்தில் சொல்லி மாதாந்திர டிடிஎஸ்ஸில் குறைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. மஹாபேயிலும் ஐரோலியிலும் வேலை பார்க்கும் நண்பர்களிடம் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஹெச்ஆரிடம் கேளுங்கள்.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று தோன்றினால் ரிசர்வ் வங்கியின் தரவைப் பாருங்கள். 2023-24-ல் எல்ஆர்எஸ் வழியாக இந்தியர்கள் வெளியே கொண்டுபோன சுமார் 3,170 கோடி டாலரில், பயணத்துக்கு மட்டும் சுமார் 1,700 கோடி டாலர். பாதிக்கும் மேல். இதில் வெளிநாட்டில் தேய்த்த கிரெடிட் கார்டுக் கணக்கு சேரவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்தத் தொகையில் ஒரு சதவீதம் அங்கே இங்கே கசிந்தால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

பவர் பேங்க். இது செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில் மட்டும். வரம்பு 100 வாட்-ஹவர். டப்பாவில் எம்ஏஹெச் மட்டும் போட்டிருந்தால் அதை 3.7 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74, பிரச்சினை இல்லை. 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. எழுத்து அழிந்து, எண்ணே தெரியாத பழைய பவர் பேங்க் என்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில், கிளம்பத் தயாராக இருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. அதன் பிறகு விதிகள் இறுகிவிட்டன. தாய் ஏர்வேஸ் அந்த ஆண்டு மார்ச் முதலும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை போட்டன. எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்று மட்டும், அதுவும் பயன்படுத்தக் கூடாது என்றது. போனை வீட்டிலேயே முழு சார்ஜ் செய்துகொண்டு கிளம்புங்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாயில் சதுரமான மூன்று பின் பிளக். அடாப்டர் ஒன்று போதும். நான்கு பேர் போனால் நான்கு அடாப்டர் வேண்டாம், ஒரு அடாப்டரும் நம்ம ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் போதும். இது என் அத்தான் சொல்லிக் கொடுத்தது.

ஒரு நாள் உடுப்பு, மருந்து, கண்ணாடி, பேப்பரில் அச்சிட்ட திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி ஆகியவையும் கைப்பையில்தான். போன் செத்துப்போன நேரத்தில்தான் குடியேற்ற அதிகாரி முகவரி கேட்பார். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்கான வருகை அட்டையையும் தாய்லாந்துக்கான டிஜிட்டல் வருகை அட்டையையும் போய்ச் சேர்வதற்கு மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். கூகுளில் தேடினால் முதலில் வரும் தளம் பணம் கேட்டால், அது அரசுத் தளம் இல்லை என்று அர்த்தம்.

நகை, திரும்பும் வழி

அம்மா தாலிச் சங்கிலியையும் நான்கு வளையல்களையும் போட்டுக்கொண்டுதான் போவார். கழற்றச் சொல்ல நான் யார்? ஆனால் அது இங்கேயிருந்து போனது என்பதற்கு ஆதாரம் வேண்டும். கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்று வாங்கிவிட்டால், திரும்பும்போது 'இது அங்கே வாங்கியதா' என்ற கேள்விக்கு அதுவே பதில். விலை உயர்ந்த கேமராவுக்கும் இதே வழி. ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும், பரவாயில்லை.

அங்கே தங்கம் வாங்கி வரலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் நகை என்ற சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்குத்தான். பத்து நாள் சுற்றுலாக்காரருக்கு இல்லை. மற்ற பொருட்களுக்கான வரியில்லா வரம்பு நீண்ட காலமாக 50,000 ரூபாயாக இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகளில் 75,000 ரூபாய் ஆகியிருக்கிறது. குடும்பத்தில் இருவர் போனால் இரண்டு பேர் வரம்பையும் சேர்த்து ஒரே பொருளுக்குப் பயன்படுத்த முடியாது, அதையும் கவனியுங்கள்.

எந்த விமான நிலையம்?

இந்தக் கேள்வி கோபர்கைரனேக்காரர்களுக்குப் புதிது. இத்தனை வருடம் ஐரோலி பாலமோ வாஷி பாலமோ ஏறி சஹார் போவதுதான் ஒரே வழி. 2025 அக்டோபர் 8 அன்று நவி மும்பை விமான நிலையம் திறக்கப்பட்டு, டிசம்பர் 25 முதல் விமானங்கள் பறக்கத் தொடங்கிவிட்டன. இப்போது டிக்கெட்டில் 'மும்பை' என்று மட்டும் பார்த்தால் போதாது. பிஓஎம் என்றால் பழையது, என்எம்ஐ என்றால் நவி மும்பை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வரும் சொந்தக்காரர் உள்நாட்டு விமானத்தில் ஒன்றில் இறங்கி, வெளிநாட்டு விமானத்தை இன்னொன்றில் பிடிக்க வேண்டி வந்தால், நடுவில் நம்ம ஊர் டிராஃபிக்கைக் கடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரயிலை நம்புவதற்கு முன் மெகாபிளாக் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டி நேற்று இரவு மூடப்பட்டது. கசகசா சமையலறைக்குத் திரும்பிவிட்டது, கொப்பரை பக்கத்து வீட்டுக்கு. பிரசவ லேகியத்தின் டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அம்மா ஒரு தாளில் எழுதி, மேலே ஒட்டிவிட்டார். காலையில் மறுபடி ரத்திவாலா தராசு: 24.6 கிலோ.

"இன்னும் 400 கிராம் இருக்குல்லா?" என்று கேட்டுவிட்டு, முறுக்கு டப்பாவைத் தேடப் போய்விட்டார்.